முற்றத்திலிருந்து பள்ளிக்கு

பள்ளி வாயிலை முதன்முறை மிதிக்கும் குழந்தை வீட்டு மொழியையும் விளையாட்டையும் வெளியே விட்டுச் செல்ல வேண்டுமா, உடன்கொண்டு செல்லலாமா? கல்வி வரலாற்றில் இது நெடுநாளைய வினா. இதற்குப் பம்பாய்ப் பகுதி கண்ட விடை, பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் அறியத்தக்கது.

1926-ல் கிஜுபாய் பதேகாவும் தாராபாய் மோடக்கும் நூதன் பால் சிக்ஷண் சங்கத்தை நிறுவினர். மாண்டிசோரி முறையை இந்நாட்டு எளிய மக்களின் நிலைக்கேற்ப அமைப்பது அவர்கள் நோக்கம். 1945-ல் தாராபாய், அனுதாய் வாக் அம்மையாரின் துணையுடன் போர்டி கிராமத்தில் பணி தொடங்கினார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளியை நாடி வராமையால், பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்தை நாடிச் சென்றது. முற்றத்தைக் குறிக்கும் ‘அங்கண்’ என்னும் மராத்திச் சொல்லால் அதனை அங்கன்வாடி என்றனர். 1957-ல் பணி கோஸ்பாடுக்கு மாறியது. அங்கே குழந்தைக் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றும் ஒருங்கே இணைந்தன. தம்பி தங்கையரைக் காக்கும் பொருட்டு வீட்டில் நின்ற சிறுமியரும் அவர்களுடன் பள்ளி வர வழி பிறந்தது.

அங்கன்வாடி என்னும் அப்பெயர் பின்னர் நாடெங்கும் பரவிற்று. 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில், தமிழர் மிகுந்த தாராவியும் ஒன்றாகும்.

அடுத்த ஆண்டே டிராம்பேயில் வேறொரு நிகழ்ச்சி. அங்கிருந்த ஜனதா காலனியில், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் 1960-களில் சிறுவர்களைத் திரட்டிப் பாட வைத்து, எளிய பள்ளியொன்றைத் தொடங்கியிருந்தார். அணுசக்தி நிலையத்தை அடுத்திருந்த அக்குடியிருப்பு 1976 மே மாதம் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் சீத்தா கேம்புக்குப் பெயர்க்கப்பட்டனர். பெரியோர்க்குப் போனது வீடு. சிறுவர்க்கோ தெருவும், தோழரும், பழகிய பள்ளியும் ஒருங்கே போயின.

சட்டத்திலும் இத்தகைய இடைவெளி உண்டு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே உரிமை தருகிறது. அங்கன்வாடி ஒரு துறையின் பொறுப்பு. பள்ளி மற்றொரு துறையின் பொறுப்பு. இடையில் நிற்பது ஒரே குழந்தை. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை ஒரே அடிப்படைக் கட்டமாகக் கொண்டது. இயன்றவிடத்து ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டு மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்றும் கூறியது. கோஸ்பாடு நெடுங்காலத்துக்கு முன்பே கண்ட வழியே இது.

மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழ்ப்பள்ளியோ பிறமொழிப் பள்ளியோ, எதைத் தேர்ந்தாலும் பெற்றோர்க்குச் சில கடமைகள் உண்டு. சேர்க்கைக்கு முன்பே குழந்தையை அழைத்துச் சென்று வகுப்பறையையும் ஆசிரியரையும் காட்டுதல் நன்று. அங்கன்வாடித் தோழர் ஓரிருவரேனும் ஒரே வகுப்பில் சேர வகை செய்தல் நன்று. பள்ளியில் எம்மொழி பயின்றாலும், வீட்டில் தமிழில் கதை கேட்கவும் கேள்வி கேட்கவும் இடம் தருதல் வேண்டும். ஒரு மொழியில் தெளிவாக எண்ணப் பழகிய குழந்தைக்கு அடுத்த மொழி எளிதாகும்.

பள்ளி முற்றத்துக்கு வந்த வரலாறு நமக்கு முன் உள்ளது. குழந்தையின் கைப்பிடித்துப் பள்ளி வரை உடன் நடத்தல் நம் பொறுப்பு.