கொடுத்தலும் பெறுதலும்

கொடுக்கல் வாங்கல் என்றாலே நமக்குக் கடன்தான் நினைவுக்கு வரும். புனித பவுலோ இந்த வணிகச் சொல்லைக் கொண்டே தமக்கும் பிலிப்பித் திருச்சபைக்கும் இருந்த உறவைக் குறிப்பிடுகிறார் (பிலி 4:15).

பவுல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர் (திப 18:3). கொரிந்தில் எவருக்கும் சுமையாக இருக்கவில்லை (2 கொரி 11:9). ஆயினும் தெசலோனிக்காவில் இருந்தபோது பிலிப்பியர் ஒருமுறைக்கு மேல் அனுப்பிய உதவியை ஏற்றுக்கொண்டார். பின்னர் சிறையில் இருந்த அவருக்கு உதவி கொண்டுவந்த எப்பப்பிராதித்து, நோயுற்றுச் சாகும் நிலைக்கே வந்துவிட்டார் (பிலி 2:25-30). அனுப்பியவர்களும் செல்வந்தர்கள் அல்லர். மாசிதோனியத் திருச்சபைகள் கொடிய வறுமையில் வாடியவை (2 கொரி 8:2).

கொடுப்பவர் கை மேலே இருக்கும். பெறுபவர் கை தாழ்ந்திருக்கும். அதனால்தான் பெறுவது கடினம். மருந்து வாங்க வழியில்லாமலும், "யாரிடமும் கையேந்த மாட்டேன்" என்று வாய்மூடி இருக்கும் முதியவர்கள் நம் பங்குகளில் உண்டு. பாதம் கழுவ வந்த ஆண்டவரையே பேதுரு தடுத்தார். கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்ற பொருளில் இயேசு பதிலளித்தார் (யோவா 13:8).

எனவே பெறுபவர் வெட்கப்பட வேண்டாம். கொடுப்பவர், பெற்றவரின் பெயரை ஊரறியச் சொல்ல வேண்டாம். இன்று கொடுக்கும் கை நாளை பெறும் கையாகலாம். இரண்டும் கிறிஸ்துவின் ஒரே உடலைச் சேர்ந்தவையே.