கொட்டை எழுத்தின் வரலாறு

ஏட்டில் படிப்பதற்கென ஓர் எழுத்து. சுவரில் காண்பதற்கென வேறோர் எழுத்து. இவ்வேறுபாடு இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆயினும் ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றி மூன்றரை நூற்றாண்டுகள் வரை, புத்தக எழுத்தின் வடிவையே பெரிதாக்கி விளம்பரங்களுக்கும் பயன்படுத்தி வந்தனர். விளம்பரத்திற்கென்றே தனி எழுத்து பிறந்த இடம் இலண்டன். காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்.

வணிகம் பெருகிய அந்நகரில் நாடகக் கொட்டகையும் ஏலக்கடையும் லாட்டரிச் சீட்டு முகவரும் ஒரே சுவருக்குப் போட்டியிட்டனர். உரக்கக் கூவும் எழுத்து அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதனை வழங்கியவர்களில் முதன்மையானவர் ராபர்ட் தார்ன். தாமஸ் காட்ரெல் என்பாரின் எழுத்து வார்ப்படச்சாலையை 1794-இல் வாங்கியவர் இவர்.

இத்தாலியின் போதோனியும் பிரான்சின் திதோ குடும்பத்தாரும் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் பெரும் வேறுபாடு காட்டும் எழுத்துகளை முன்னரே வடித்திருந்தனர். அவ்வழியில் வந்த புதிய எழுத்து, தடித்த கோட்டை மேலும் பன்மடங்கு பருக்க வைத்தது. மெல்லிய கோட்டையும், எழுத்தின் தலையிலும் காலிலும் நீளும் செரிப் எனும் சிறு முனைக்கோட்டையும் மயிரிழையாகவே விட்டது. கறுப்பு மையின் அத்திரட்சி, தொலைவில் செல்வோரையும் நின்று நோக்கச் செய்தது.

1820-இல் தார்ன் மறைந்தபின் அவ்வார்ப்படச்சாலையை வாங்கிய வில்லியம் தாரோகுட், லாட்டரியில் கிடைத்த பணத்தைக் கொண்டே வாங்கினார் என்பர். லாட்டரி விளம்பரத்தால் செழித்த எழுத்து, லாட்டரிப் பணத்திற்கே கைமாறியது விந்தையன்றோ! பிரிட்டிஷ் அரசின் அந்த லாட்டரி 1826-இல் முடிவுற்றது, எழுத்தோ நிலைத்தது. நிழலும் பூவேலையும் கொண்ட வகைகள் பல தோன்றின.

எனினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஈயத்தில் வார்த்த பேரெழுத்துகள் கனமும் விலையும் மிக்கவை. 1827-இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ், சுழலும் வெட்டுக் கருவியால் மரத்தில் எழுத்துகளைப் பெருமளவில் செதுக்கும் முறையைக் கண்டார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த், ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளில் எழுத்து வெட்டும் படிவரைக் கருவியை இதனுடன் இணைத்தார். எடை குறைந்தது; விலையும் குறைந்தது. சிற்றூர் அச்சகத்திற்கும் பேரெழுத்து எட்டியது.

கற்றோர் இதனை விரும்பினரல்லர். அச்சுக்கலை குறித்து 1825-இல் நூல் வெளியிட்ட ஹான்சார்ட், இப்பருத்த எழுத்தின் வரவுக்குத் தார்னே முதற்காரணம் எனக் குறித்து, அதன் மிகையைச் சாடினார். 1891-இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தை நிறுவிய வில்லியம் மாரிஸும் போதோனி வழி எழுத்துகளை அழகற்றவையென ஒதுக்கினார். புத்தகத்தைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. பக்கம் பக்கமாக அவ்வெழுத்தைப் படிக்க எக்கண்ணும் பொறாது.

ஆனால் சுவரின் நீதி வேறு. ஏட்டின் நீதி வேறு. 1938-இல் நிக்கோலெட் கிரே எனும் பெண்மணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அலங்கார எழுத்துகளை ஆராய்ந்து தனி நூலே வெளியிட்டார். ஏளனத்துக்குள்ளானவை அதன்பின் வரலாற்றுச் சான்றுகளாக மதிக்கப்பெற்றன.

மன்னர் ஆணைகளையும் பேரறிஞர் நூல்களையும் காத்து வைக்க என்றும் ஆளுண்டு. எளிய மக்கள் எந்த நாடகத்திற்குச் சென்றனர், எந்த ஏலத்தில் கூடினர் என்பதைச் சொல்வன மறுநாளே கிழிபடும் தாள்களே. அவற்றுள் தப்பியவை சிலவே. இன்று நம் கைக்கு வரும் ஒரு துண்டு விளம்பரத்தைக் கசக்கி எறியுமுன், நாளைய வரலாறு அதிலும் எழுதப்பட்டிருக்கலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.