பன்னாட்டுச் சட்ட ஆணையமும் நிதி நெருக்கடியும்

பன்னாட்டுச் சட்ட ஆணையம், நாடுகளுக்கிடையிலான சட்டத்தைத் தொகுக்கவும் வளர்க்கவும் ஐ.நா. பொதுச்சபை 1947இல் நிறுவிய அமைப்பு. தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைக்கும், ஒப்பந்தங்களின் சட்டம் பற்றிய 1969ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கும் முதல் வரைவுகள் இங்குதான் உருவாயின. 1949இல் 15 உறுப்பினர்களுடன் கூடிய ஆணையத்தில் 1981 முதல் 34 பேர் இருக்கின்றனர். உறுப்பினர்கள் முழுநேரமாகப் பணியாற்ற வேண்டும் என்ற யோசனை தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. எனவே பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் தூதர்களும் தத்தம் வேலைகளுக்கு நடுவே ஆண்டில் சில வாரங்கள் ஜெனீவாவில் கூடுகின்றனர். அந்த வாரங்களே ஆணையத்தின் மூலதனம்; ஐ.நா.வில் பணமுடை வரும்போதெல்லாம் முதலில் குறைக்கப்படுவதும் அவைதாம்.

ஆணையத்துக்கெனத் தனி வருமானம் கிடையாது. மொழிபெயர்ப்பாளர்கள், கூட்ட அறை, பயணச் செலவு, செயலகப் பணியாளர்கள் அனைத்தும் ஐ.நா.வின் பொது வரவுசெலவுத் திட்டத்தைச் சார்ந்தவை. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. உறுப்பு நாடுகள் தம் பங்கைச் செலுத்தினால்தான் கையில் காசு வரும். மொத்தத்தில் 22 விழுக்காட்டைத் தர வேண்டிய அமெரிக்கா தாமதித்தாலே கருவூலம் ஆட்டம் காணும். 1985இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய காசெபாம் திருத்தம், பங்களிப்புக்கேற்ற வாக்குரிமை வழங்கப்படும்வரை தன் பங்கை 20 விழுக்காடாகக் குறைக்க வழிசெய்தது. மறு ஆண்டு ஐ.நா. கடும் நெருக்கடியில் சிக்கியபோது, வழக்கமான 12 வாரக் கூட்டத்தொடர் 10 வாரமாகச் சுருங்கியது.

2002இல் வெட்டு வேறு வடிவில் வந்தது. உறுப்பினர்களின் மதிப்பூதியத்தை ஆண்டுக்கு ஒரு டாலராகப் பொதுச்சபை குறைத்தது. ஐ.நா.வின் கணக்கில் இது அற்பச் சேமிப்பு; பாதிப்போ அற்பமானதல்ல. ஆணையத்தின் ஆய்வுச் சுமையைச் சிறப்பு அறிக்கையாளர்களே தாங்குகின்றனர். ஒரு பொருளை எடுத்துக்கொள்பவர் பல நாடுகளின் தீர்ப்புகளையும் ஒப்பந்தங்களையும் நடைமுறைகளையும் திரட்டி, ஆண்டுதோறும் அறிக்கை எழுத வேண்டும். வசதியான பல்கலைக்கழகத்தில் உள்ளவருக்கு நூலகமும் ஆய்வு உதவியாளர்களும் கிடைப்பர். வளரும் நாடுகளிலிருந்து வருபவர் பெரும்பாலும் சொந்தப் பணத்தையே செலவிட வேண்டியிருக்கும். இதை ஆணையம் தன் ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப முறையிட்டது. பல ஆண்டுகள் கழித்தே அறிக்கையாளர்களுக்கு உதவ, நாடுகளின் விருப்ப நன்கொடையில் இயங்கும் நிதியம் ஒன்று அமைந்தது. எந்த நாடும் தன் விருப்பப் பொருளுக்கு மட்டும் பணம் தந்து ஆணையத்தின் போக்கைத் திருப்பிவிடக் கூடாது என்பதால், இத்தகைய நிதியம் தன்னளவில் ஐயத்துக்குரியதே.

2023இன் இறுதியில் ஜெனீவாவின் ஐ.நா. மாளிகையே சில வாரங்கள் மூடப்படும் அளவுக்குப் பணத் தட்டுப்பாடு முற்றியது. 2025இல் ஆணையத்தின் 76ஆவது கூட்டத்தொடர் ஏப்ரல் 28 முதல் மே 30 வரை ஐந்தே வாரங்கள் நடந்தது. கோடையில் நடக்க வேண்டிய இரண்டாம் பகுதி இரத்தானது. கடல்மட்ட உயர்வு பற்றிய ஆய்வு நிறைவுற்றது; ஏனைய பொருள்களில் பணி தேங்கியது.

இழப்பு எங்கே விழுகிறது என்பது வேலைமுறையைப் பார்த்தால் விளங்கும். அறிக்கை முதலில் முழு அவையில் விவாதிக்கப்படும். பிறகு வரைவுக் குழு விதிகளைச் சொல் சொல்லாகச் செதுக்கும். ஒவ்வொரு விதிக்குமான விளக்கவுரை, கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் பத்தி பத்தியாகப் படிக்கப்பட்டு ஏற்கப்படும். விதி ஏன் அப்படி அமைந்தது, எந்த நாட்டின் நடைமுறை அதற்கு ஆதாரம் என்பதெல்லாம் அந்த விளக்கவுரையில்தான் இருக்கும். நீதிமன்றங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவதும் அதையே. நேரம் குறையும்போது முதலில் தள்ளிப்போவது இந்தக் கடைசிக் கட்டம்.

பதவிக்காலக் கணக்கும் இதனுடன் சேர்கிறது. உறுப்பினர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். தற்போதைய காலம் 2027இன் இறுதியில் முடிகிறது. அறிக்கையாளர் மீண்டும் தேர்வாகாவிட்டால் பொருள் வேறொருவர் கைக்கு மாறும். அரச அதிகாரிகளின் சட்டவிலக்கு பற்றிய பணியில் முதல் வாசிப்பு 2022இல் முடிந்ததும், கொன்செப்சியோன் எஸ்கோபார் எர்னாண்டெசிடமிருந்து பொறுப்பு கிளாடியோ கிராஸ்மனுக்குச் சென்றது. புதியவர் முன்னவரின் அறிக்கைகள் முழுவதையும் படித்து, நாடுகளின் கருத்துகளை மீண்டும் அலசியே தொடர வேண்டும்.