காலிங்வுட் பிரபு

காலிங்வுட், கட்பர்ட் (1748–1810): இங்கிலாந்தின் கடற்படைத் தளபதிகளுள் ஒருவர், 1805-இல் டிரபால்கர் கடற்போரில் நெல்சனுக்கு அடுத்த ஸ்தானத்திலிருந்து போரிட்டு, அவர் வீழ்ந்தபின் படைத்தலைமையை ஏற்றவர். சரித்திர நூல்கள் பெரும்பாலும் இவரை நெல்சனுடைய நண்பர் என்ற ஒரே குறிப்போடு விட்டுவிடுகின்றன. ஐம்பதாண்டுச் சேவையில் ஏறத்தாழ நாற்பத்து நான்கு ஆண்டுகளைக் கடமையிலேயே, அதுவும் பெரும்பாலும் கடலிலும் அந்நிய தேசங்களிலுமே, கழித்துவிட்ட இம்மனிதர், தம் இரு பெண்மக்களின் கல்வியையும் குணத்தையும் நூற்றுக்கணக்கான காததூரத்துக்கு அப்பாலிருந்து கடிதங்களாலேயே பேணிவந்த வரலாறு, அவருடைய யுத்த கீர்த்திக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

நியூகாசில் நகரத்து வணிகர் ஒருவரின் மகனாக 1748 செப்டம்பர் 26-இல் பிறந்த காலிங்வுட், பன்னிரண்டாம் வயதில், உறவினரொருவரின் தலைமையிலிருந்த ‘ஷானன்’ என்ற போர்க்கப்பலில் சேர்ந்தார். செல்வாக்குள்ள ஆதரவாளர் இல்லாமையால் பதவி உயர்வு மெல்லவே வந்தது. 1775-இல் பாஸ்டனுக்கு அருகே பங்கர் குன்றில் நடந்த போரின்போது துருப்புகளுக்குத் துணைசெய்த மாலுமிப் படையில் பணியாற்றி, லெப்டினன்ட் ஆனார். பின்னர் மேற்கிந்தியத் தீவுகளில், நெல்சன் ஒரு கப்பலைவிட்டு உயர்பதவிக்குச் செல்லுந்தோறும் அவர் விட்ட இடத்துக்கு இவர் வந்து சேர்வது வழக்கமாயிற்று. அவ்வாறு 1780-இல் கிடைத்த ‘ஹின்சின்புரூக்’ கப்பலோடு நிகராகுவாவின் சான் ஹுவான் நதி முகத்துவாரத்தில் தங்கியிருந்த காலத்தில், விஷ ஜுரத்துக்கு இருநூறு பேரில் நூற்றெண்பது பேரைப் பறிகொடுத்து, அவர்களை அடக்கம் செய்யும் துயரத்தையும் அனுபவித்தார். ஆன்டிகுவா தீவில் நண்பர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வரைந்த உருவச் சித்திரங்கள் இன்னும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. காய்ச்சலில் தலைமயிர் உதிர்ந்து, பொய்மயிர் சூடியிருந்த நெல்சனை அவற்றுளொன்றிற் காணலாம்.

1791 ஜூன் 16-இல், நியூகாசில் நகராட்சித் தலைவராயிருந்த ஜான் எராஸ்மஸ் பிளாக்கெட் என்பவரின் புதல்வி சாராவை மணந்து, மார்பெத் என்னும் சிற்றூரில் இல்லறம் நடத்தினார். 1792-இல் சாராவும், 1793-இல் மேரி பேஷன்ஸும் பிறந்தார்கள். இரண்டாங் குழந்தை பிறந்த ஆண்டே பிரான்ஸோடு யுத்தம் மூண்டது. அதற்குப்பின் அவர் சாகுமளவும் வீட்டில் தங்கிய காலத்தையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டுக்கு மேல் அதிகம் தேறாது.

அவ்விதப் பிரிவின் கொடுமையை 1801-இல் பிளிமத் துறைமுகத்தில் நடந்த ஒரு சம்பவம் போல் வேறெதுவும் விளக்குவதில்லை. மனைவியும் மூத்த மகளும் வட இங்கிலாந்திலிருந்து அவரைக் காண வந்துகொண்டிருந்த தினத்திலேயே, ஆயத்தமாயுள்ள கப்பல்களோடு உடனே புறப்படவேண்டுமென்ற அவசர ஆக்ஞை கிடைத்தது. படை விசாரணை மன்றத்தில் அமர்ந்திருந்தமையால் மாலைவரை தாமதித்தவர், இரவு எட்டுமணிவரையில் கரையில் காத்திருப்பதென்று தீர்மானித்து, நெல்சனோடு உணவுகொள்ளச் சென்ற இடத்தில், அவர்கள் வந்துவிட்டார்களென்ற செய்தி கேட்டு விடுதிக்கு விரைந்தார். அன்று மாலை தாம் அடைந்ததைவிடப் பெரிய ஆனந்தம் மானிடப் பிறவிக்குக் கிட்டாதென்று எழுதிய அதே கடிதத்தில், விடியற்காலையில் பிரிந்து கடலேறியதையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். தம் துக்கத்தை விரித்துச் சொல்லும் சுபாவம் அவருக்கில்லை.

1802-இல் சமாதானம் ஏற்பட்டதும் ஏறக்குறைய ஓராண்டு மார்பெத்தில் வாழும் பாக்கியம் கிட்டியது. தோட்டம் பண்படுத்துவதும், பெண்களுக்குப் பாடம் சொல்வதும், நடைபயிலும்போது சட்டைப்பையில் கருவாலி விதைகளை வைத்துக்கொண்டு நல்ல மண் கண்ட இடத்தில் ஊன்றிச் செல்வதுமாக அக்காலம் கழிந்தது. கருவாலி மரமே அக்காலத்துப் போர்க்கப்பல்களின் உடலாதலால், இனி வரும் தலைமுறைக்குக் கப்பல் வேண்டுமென்ற எண்ணமே அச்செய்கைக்குக் காரணம் என்பர். 1803-இல் மீண்டும் யுத்தம் தொடங்கவே புறப்பட்டவர், வீட்டை மறுபடி காணவேயில்லை.

கப்பலை நடத்துவதில் அவருக்கிருந்த முறையும் தந்தைமைப் பண்போடு இசைந்ததே. கசையடி சர்வசாதாரணமாயிருந்த அந்நாட்களில், அதனைப் பெரிதும் குறைத்து, குற்றம் செய்தவனுக்கு மிகைவேலை தருதல், மதுப்பங்கில் நீர் கலத்தல் போன்ற தண்டனைகளால் ஒழுங்கை நிலைநாட்டினார். அதிகாரிகள் மாலுமிகளை இழிசொல்லால் அழைப்பதை அறவே தடுத்தார். இதனால் கட்டுப்பாடு தளர்ந்ததென்று எண்ணலாகாது. அவருடைய ‘டிரெட்நாட்’ கப்பலின் பீரங்கிவீரர்கள் மூன்றரை நிமிஷத்தில் மூன்றுமுறை முழுவரிசை வேட்டுத் தீர்க்கப் பழகியிருந்தார்கள். மானவுணர்ச்சியிலும் குறைந்தவரல்லர். 1794 ஜூன் முதல் நாள் போரில் தமக்குரிய பதக்கம் மறுக்கப்பட்டதனால், 1797-இல் செயின்ட் வின்சென்ட் முனைப் போருக்காக அளித்த பதக்கத்தை ஏற்க மறுத்து, இரண்டையும் ஒருங்கே பெற்ற பின்னரே சமாதானமடைந்தார்.

1805 அக்டோபர் 21-இல், இரு வரிசைகளாகச் சென்ற ஆங்கிலப் படையில் ஒன்றுக்குத் தலைமை வகித்த காலிங்வுட், செப்புத்தகடு புதிதாக வேயப்பெற்றதால் வேகமாகச் சென்ற ‘ராயல் சாவரின்’ கப்பலில், ஏனையோரைவிட முந்திச்சென்று பகைவர் வரிசையைப் பிளந்து, ‘சாந்தா ஆனா’ என்ற ஸ்பானியப் பெருங்கப்பலோடு துணை வரும்வரை தனித்தே பொருதார். காலில் குண்டு பட்டால் வைத்தியருக்கு எளிதாயிருக்குமென்று, தோற்காலணியைக் கழற்றிப் பட்டுக் காலுறை அணியுமாறு அன்று காலை லெப்டினன்ட் ஒருவருக்கு அவர் யோசனை சொன்னாராம். நெல்சன் மாண்டபின், அடுத்து வீசிய கடும்புயலில் கைப்பற்றிய கப்பல்கள் பலவற்றை இழக்க நேர்ந்தது. உடனே நங்கூரம் பாய்ச்சாதது தவறென்று சிலர் குறைகூறினாலும், கப்பல்கள் பல நங்கூரமிடும் நிலையிலேயே இல்லை என்பதை நினைத்தால் அக்குறை கனமுடையதன்று. காயமுற்ற ஸ்பானியரைக் காடிஸ் நகரத்துக்குத் திருப்பியனுப்பிய தயையோ எல்லோராலும் போற்றப்பட்டது.

வெற்றிக்காக அவருக்குப் பிரபுப் பட்டமும் ஆண்டுக்கு 2,000 பவுன் உபகாரச் சம்பளமும் கிடைத்தன. ஆண் சந்ததி இல்லாத அவர், பட்டம் தம் பெண்மக்கள் வழியே தொடருமாறு விரும்பிக் கேட்டது நிறைவேறவில்லை.

அவருடைய கடிதங்களிற் சிறந்தது, ‘ஓஷன்’ கப்பலிலிருந்து 1806 ஜூன் 16-இல், விவாக தினத்தன்று, மனைவிக்கு எழுதியது. அன்புரையோடு தொடங்குகிறது. குளிர்கால விடியலில் வாசலைக் கடந்துபோகும் பழைய வண்டியின் கடகடப்புக்கூட நினைவில் இன்பமாயிருக்கிறதென்கிறார். தாம் நட்ட மரங்கள் எவ்வாறு வளர்கின்றன, மூன்று கருவாலிகளின் கீழ் உட்கார நிழலுண்டா, மேடைச்சுவர் உறுதியாக நிற்கிறதா என்று கேட்கிறார். பிறகு பெண்கள். அவர்களுக்குக் க்ஷேத்திரகணிதம் கற்பிக்கவேண்டுமென்று வற்புறுத்துகிறார். உண்மையையும் உண்மைபோல் தோன்றுவதையும் பிரித்தறியும் ஆற்றலை வேறெந்தச் சாஸ்திரமும் இவ்வளவு நன்றாகத் தருவதில்லை என்பது அவர் காட்டிய காரணம். பெண்களுக்குச் சங்கீதமும் தையலும் போதுமென்று செல்வக் குடும்பங்கள் கருதிய அந்தக் காலத்தில், போர்க்கப்பலின் அறையில் அமர்ந்த ஒரு தளபதி இவ்வாறு எழுதியது எளிய செய்தியா?

மக்களுக்கே எழுதிய கடிதங்களிலும் இதே சிரத்தை. கடிதம் எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும், அதிலுள்ள சொற்களையுங்கூட, எழுதுமுன் ஆராய்ந்து எழுதவேண்டும். பொருள் தெளிவாயிருத்தல் வேண்டும். வேடிக்கையாக எழுதினாலும் யாருடைய மனத்தையும் நோகச்செய்யும் கூர்மை அதில் இருத்தலாகாது. எழுதியவருடைய அறிவின் சித்திரம் கடிதமே என்றெல்லாம் அவர்களுக்குக் கூறுகிறார். நல்லுரைகள் சற்றுக் கண்டிப்பாயிருக்கின்றன. நேரில் தோளைத்தொட்டுச் சொல்ல வாய்ப்பில்லாத தந்தையின் கண்டிப்பு அது. கப்பலில் அவருக்குத் துணையாயிருந்த ‘பவுன்ஸ்’ என்ற நாயோ வீட்டாருக்கெல்லாம் கடிதங்களின் வாயிலாக அறிமுகம். எஜமானர் பிரபுவானதும் மற்ற நாய்களோடு பழகுவதைக் கௌரவக் குறைவாக அது நினைக்கிறதென்று மகிழ்ச்சியாக எழுதினார். 1809-இல் அது கடலில் விழுந்து மடிந்தது.

மத்தியதரைக்கடற் படைத்தலைவராக, பிரெஞ்சுக் கப்பல்களைக் கண்காணிப்பதோடு, ஸ்பெயின், சிசிலி, துருக்கி முதலிய அரசுகளோடு செய்யவேண்டிய ராஜதந்திரக் காரியங்களும் அவர்மேல் விழுந்தன. ஒருமுறை இருபத்திரண்டு மாதங்கள் நங்கூரமே பாய்ச்சாமல் கடலில் நின்றார். வயிற்றுநோய் முற்றியதால் 1808-இல் விடுதலை வேண்டியபோது, அவருக்கு ஈடான மற்றொருவர் இல்லை என்று அரசாங்கத்தார் தங்கியிருக்குமாறு கேட்டுக்கொள்ள, அவரும் இசைந்தார். தகுதியுள்ளவரின் தகுதியே அவருக்குத் தளையாகிவிட்டதை இங்கே காண்கிறோம். பெண்கள் பதினைந்து, பதினாறு வயதை எட்டியிருந்த பருவத்தில், தந்தையைப் பார்த்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. 1810 மார்ச் 3-இல் தலைமையை ஒப்படைத்தார். காற்று எதிராயிருந்ததால் இரு நாட்கள் முயன்றும் மினோர்க்காவின் மஹோன் துறையைவிட்டு வெளியேற முடியாத ‘வில் த பாரீ’ கப்பல், 6-ஆம் தேதி மாலையில் கடலை அடைந்தது. மறுநாள் மாலை அவர் உயிர் நீத்தார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நெல்சனுக்கு அருகே அடக்கம் செய்யப்பெற்றார். பிரபுப் பட்டம் அவரோடு மறைந்தது.

டைன் நதி கடலோடு கலக்கும் டைன்மத்தில், லஃப் என்ற சிற்பி வடித்த அவருடைய பெரிய சிலை 1845-இல் நிறுவப்பட்டது. ‘ராயல் சாவரின்’ கப்பலின் பீரங்கிகள் நான்கு அதன் அடியில் உள்ளன. கடிதங்களை முதன்முதலில் தொகுத்தவர் மூத்த மகள் சாராவை மணந்த மருமகன். 1828-இல் வெளிவந்த அத்தொகுதியை அடுத்து, கடற்படை ஆவணச் சங்கத்தார் 1957-இல் எட்வர்ட் ஹியூஸ் என்பவரைக்கொண்டு மற்றொரு தொகுதியைப் பதிப்பித்தார்கள். காலிங்வுட்டை அறிய விரும்புவோர் போர் வரலாறுகளைப் பின்னர்ப் படித்துக்கொள்ளலாம்; முதலில் படிக்கவேண்டியவை இவை.