வாயில் இல்லாத பள்ளியும் அடைத்த கதவும்

ஓவியம் அழகுப் பொருள் மட்டுமன்று, ஆவணமும் ஆகும். கல்வெட்டும் செப்பேடும் பேசாது விட்ட எளிய வாழ்வை அது சில வேளைகளில் பேசிவிடுகிறது. 1792இல் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்ட ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் திண்டுக்கல்லை அடுத்த நம் ஆத்தூர்ப் பக்கத்துக் காட்சியைத் தீட்டிச் சென்றனர். அவர்கள் கண்ணைப் பெரிதும் ஈர்த்தவை மலையும் கோட்டையும் அருவியும் கோயிலுமே. தெருவோரத்துப் பள்ளிக்கூடத்தைக் காட்டும் பணி நம் மண்ணின் ஓவியர்க்கு வாய்த்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையிலும் திருச்சியிலும் வாழ்ந்த ஓவியர்கள், கம்பெனி அதிகாரிகளுக்காகக் குடிகளையும் தொழில்களையும் விழாக்களையும் தாளிலும் அபிரகத் தகட்டிலும் வரைந்து விற்றனர். பெரும்பாலானவற்றில் வரைந்தவர் பெயர் இல்லை. அவ்வரிசையில் ஆசிரியரும் மாணாக்கரும் அமர்ந்த காட்சியும் இடம்பெற்றது.

அக்காட்சிக்குப் பின்னுள்ள பள்ளியை எண்ணிப் பாருங்கள். அதற்குத் தனி வாயில் கிடையாது. வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட திண்ணையே பள்ளி. தெருவே அதன் முற்றம். சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கைக்கொண்டனர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை சொல்ல, இளையோர் ஒருங்கே ஒப்புவித்தனர். வழிப்போக்கர் காதிலும் நெடுங்கணக்கு விழுந்தது. 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதையர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றுக் கடல் கடந்தது.

இப்பெருமையோடு நின்றுவிடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அத்திண்ணையில் இல்லாதவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கிறது.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணமெங்கும் பள்ளிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி பள்ளிகள் 12,498, மாணாக்கர் 1,88,650. இவர்களுள் பெண்கள் 4,540 பேரே. திண்டுக்கல்லை உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டத்துக்கு 1823இல் வந்த கணக்கு இன்னும் உறுத்துகிறது: பள்ளிகள் 844, சிறுவர் 13,676, சிறுமியர் 105. நூற்றுக்கு ஒருத்திகூட இல்லை. அந்நாளில் எழுத்தறிந்த பெண்டிருள் பெரும்பாலோர் கோயில் நடன மகளிர். தீண்டாமைக்கு ஆட்பட்ட குடிகளின் பிள்ளைகளுக்கோ பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. கதவில்லாத பள்ளிக்கும் கண்ணுக்குப் புலப்படாத கதவொன்று இருந்தது.

பின்னர்க் கட்டடங்கள் எழுந்தன, வாயில்களும் எழுந்தன. ஏதென்ஸ் நகரக் கோயிலொன்றைப் பின்பற்றிக் கிரேக்கத் தூண்களுடன் சென்னையில் எழுந்த பச்சையப்பன் மண்டபம் 1850இல் திறக்கப்பெற்றது. தெருவை நோக்கிய அத்தூண் வரிசை எவரையும் வரவேற்பதுபோல் நிற்கும். எனினும் 1947 வரை பச்சையப்பன் கல்லூரி இந்து மாணவர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. வாயிலின் அகலம் வேறு, வரவேற்பின் அகலம் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இன்று திண்டுக்கல்லில் என் வகுப்பறையில் அமரும் மாணவியரை நோக்கும்போதெல்லாம் அந்த 105 என்னும் எண் நினைவில் எழுகிறது. அவர்களுள் ஒருத்தியின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. ஓவியனின் பெயரைப் போலவே அவையும் மறைந்தன. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டமும் ஒருவகைத் திண்ணையே. இங்குக் கதவில்லை என்று மகிழ்வோம். படியேறத் தயங்கித் தெருவிலேயே நிற்பவர் எவரேனும் உளரா என்று, கவிதை பாடுமுன் ஒருமுறை எட்டிப் பார்ப்போம்.