லிஸ்பன் நகரில் மூன்று நாள்

அயல்நாட்டு நகரம் ஒன்றைச் சில நாட்களில் பார்த்து வர எண்ணுவோர், காண வேண்டிய இடங்களின் ஜாபிதா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுவது வழக்கம். போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனுக்குச் செல்லும் இந்தியருக்கு அத்தகைய ஜாபிதா மட்டும் போதாது. அந்நகரின் சரித்திரத்தில் நம் நாட்டுச் சரித்திரமும் கலந்து கிடக்கிறது. மூன்று நாள் அவகாசம் உடையவர் அந்நகரை எவ்வரிசையில் கண்டால் அச்சரித்திரம் நன்கு விளங்கும் என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

முதல் நாளைப் பழைய நகருக்கு ஒதுக்கலாம். தேஜோ என்னும் பேராறு அட்லாண்டிக் சமுத்திரத்தோடு கலக்கும் அகன்ற முகத்துவாரத்தில், குன்றுகளின்மீது படிப்படியாக எழுந்த நகரம் லிஸ்பன். உயர்ந்த குன்றொன்றின்மேல் புனித ஜார்ஜ் கோட்டை நிற்கிறது. 1147ஆம் ஆண்டில் அபோன்சோ என்றிக்கஸ் என்னும் மன்னர், சிலுவைப் போர் வீரர்களின் துணைகொண்டு, முஸ்லிம் ஆட்சியாளரிடமிருந்து நகரைக் கைப்பற்றினார். கோட்டைக்குக் கீழே உள்ள அல்பாமா என்னும் பகுதி, வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லால் இன்றும் வழங்குகிறது. குன்றேறிச் செல்லும் 28ஆம் எண் டிராம் வண்டியில் நெரிசல் மிகுதி. பணப்பையைக் காத்துக்கொள்ள வேண்டும். வழுக்காத காலணி அணிந்து நடப்பதே மேல். ஆற்றங்கரைக்கு இறங்கி வருகையில், கூர்முனைக் கற்களால் முகப்பு அமைந்த மாளிகை ஒன்று நம் கண்ணைக் கவரும். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அபோன்சோ அல்புகெர்க்கின் மகன் கட்டிய வீடு அது.

இரண்டாம் நாள் சமதளத்து நகரைக் காண்போம். ஆற்றை நோக்கித் திறந்திருக்கும் பெரிய சதுக்கத்தில் முற்காலத்தில் அரசர் மாளிகை இருந்தது. அதனை அடுத்து, கீழ்த்திசை வாணிபம் முழுவதையும் நிர்வகித்த 'இந்திய மாளிகை' இருந்தது. மலபார்க் கரையிலிருந்து வந்த மிளகு இங்கேதான் கணக்கிடப்பட்டது. இன்று அவ்விரண்டில் ஒன்றும் இல்லை. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளன்று, மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் பூமி நடுங்கியது. தப்பியோர் பலர் ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே ஆழிப்பேரலை அவர்களை வாரிக்கொண்டது. அதன்பின் மூண்ட தீ பல நாட்கள் எரிந்தது. இந்திய மாளிகையும் அதில் சேர்த்துவைத்திருந்த ஏடுகளும் அழிந்தன.

பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்ற அமைச்சர் நகரை மீண்டும் எழுப்பினார். நேர்கோட்டுத் தெருக்கள் வகுத்து, சுவர்களுக்குள்ளே நிலநடுக்கத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் அமைக்கச் செய்தார். பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு என்று தொழிலால் பெயர் பெற்ற அத்தெருக்களில் நடந்தபின், மேட்டின்மீது கூரையிழந்து நிற்கும் கார்மோ மடத்தையும் காண வேண்டும். அன்றைய அழிவின் சாட்சியாக அதன் வளைவுகள் வானத்தின் கீழ் நிற்கின்றன.

பலரும் முதல் நாளே ஓடிக் காணும் பெலேம் பகுதியை நாம் மூன்றாம் நாளுக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அழிந்தவற்றை அறிந்த பின்னரே, எஞ்சியவற்றின் அருமை புலப்படும். 15ஆம் எண் டிராம் அங்கே செல்லும். திங்கட்கிழமையில் மடம் மூடப்பட்டிருக்கும் என்பதை மறக்கலாகாது. 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா இக்கரையிலிருந்தே புறப்பட்டு, மறுவருஷம் மே மாதத்தில் கோழிக்கோட்டை அடைந்தார். கீழ்த்திசை வாணிபத்தின்மீது விதித்த வரியைக்கொண்டு மானுவேல் மன்னர் எழுப்பத் தொடங்கியதே ஜெரோனிமோஸ் மடம். அதன் தூண்களில் கப்பற்கயிறும் கடற்பொருள்களும் கல்லில் மலர்ந்திருக்கின்றன. 1524இல் கொச்சியில் இறந்த காமாவின் கல்லறையும் இங்கே உள்ளது. அச்சிற்ப வேலையை நாம் மனமாரப் போற்றலாம். எனினும், 1502இல் மக்கத்திலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலைப் பெண்டிர் பிள்ளைகளோடு தீக்கிரையாக்கியவரும் இக்காமாவே என்பதைக் கல்லறையருகே நின்று நினைவுகூர்தல் நம் கடமை.

இம்மடத்தின் கட்டடத்திலேயே தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 2022இல் அது சீரமைப்புக்காக மூடப்பட்டமையால், செல்லுமுன் விசாரித்துக்கொள்வது நலம். அதன் சேகரத்தில் ஒரு சிறு நூல் பேணப்பட்டு வருகிறது. மூன்றாம் ஜான் மன்னரின் ஆணைப்படி 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்-போர்த்துக்கீசியக் கிறிஸ்தவப் போத நூல் அது. தமிழ்மொழி அச்சேறிய முதல் நூல் அதுவே என்பர். அந்நகரில் வாழ்ந்த வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குருஸ் என்னும் மூன்று இந்தியர்கள் அதை உருவாக்கினார்கள். தமிழ் அச்செழுத்து அந்நாளில் இல்லாமையால், தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் அச்சாயின. அரசரின் மாளிகை வீழ்ந்தது. வாணிபக் கணக்குகள் எரிந்தன. இச்சிறு நூல் நின்றது.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இந்நூல் தனியாக ஒன்று உணர்த்துகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பாட்டிக்கு எழுதும் தமிழைக்கூட ரோமன் எழுத்தில் எழுதுவதைக் கண்டு நாம் வருந்துகிறோம். தாய்நாட்டுக்கு நெடுந்தொலைவில் வாழ்ந்த அம்மூவரும் அவ்வாறே தொடங்க நேர்ந்தது. ஆனால் அம்முயற்சி அத்தோடு நின்றுவிடவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாகி வெளிவந்தது. இரவல் எழுத்து முதற்படியாக இருக்கலாம். இரண்டாம் படியில் பிள்ளைகளை ஏற்றிவிடுவது நம் பொறுப்பு.

லிஸ்பனுக்குச் செல்லும் அன்பர்கள் கோட்டையையும் கோபுரத்தையும் கண்டு மகிழட்டும். பெலேமை விட்டுப் புறப்படுமுன், அங்கே காமாவுக்கு அமைந்ததுபோல் கல்லறை எதுவும் அமையாத அம்மூவரையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக.