தேதி போட்ட ரசீது

வேலை கேட்டவருக்கு வேலை இல்லையென்றால் படி கொடுக்கணும். இது யாரும் போட்ட பிச்சையில்லை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. 2006 பிப்ரவரி 2இல் முதலில் 200 மாவட்டங்களில் அது நடைமுறைக்கு வந்தது. கள்ளக்குறிச்சி அடங்கியிருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டமும் அதில் ஒன்று. மனு கொடுத்து 15 நாளில் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் காலாவது, பிறகு பாதியாவது தரவேண்டும் என்றது சட்டம்.

நூறுநாள் வேலையைச் சனங்கள் அறிந்தார்கள். இந்தப் படியை எத்தனை பேர் அறிந்தார்கள்? அந்தச் சட்டப்படி உடலுழைப்புக் கூலி மத்திய அரசுப் பணமாக இருந்தது. படியோ மாநில அரசின் கையிலிருந்து போகணும். மனுவுக்குத் தேதி போட்டு ரசீது தரவேண்டியது ஊராட்சி. ரசீது இருந்தால்தானே 15 நாளை எண்ணமுடியும்? "வேலை வந்தா சொல்லி அனுப்புறோம், போ" என்ற வாய்ச்சொல்லுக்கு ஏது தேதி? புகாரை 7 நாளில் முடிக்கணும் என்றும் விதி இருந்தது. கையில் காகிதம் இல்லாதவர் அங்கே எதைக் காட்டுவார்? நேற்றுவரை யார் நிலத்தில் கூலிக்கு நின்றோமோ, பல ஊர்களில் அவர்களிடமே ரசீதும் கேட்கவேண்டியிருந்தது.

வடக்கனந்தலுக்கு அந்த வாசலும் இல்லை. அது பேரூராட்சி, சட்டம் கிராமப்புறத்துக்கு மட்டும். ஊருக்கு எந்தப் பெயர் வைத்தாலும் நிலமில்லாத சேரிக்கு அடுப்பெரியாத நாள் ஒன்றுதான்.

2025 டிசம்பரில் வேறு சட்டம் நிறைவேறிவிட்டது. எந்தச் சட்டமானாலும் சரி, மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் வாசலைவிட்டு இறங்கக்கூடாது.